பழைய நெட்வொர்க் முகவரியை வீட்டில் யாரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு (இலவச இயங்குதளம்) போட்டு, அதில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை வைத்துக் குடும்பமே படம் பார்க்கிறோம். படங்கள், பாட்டுகள் எல்லாம் தனியாக ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணையும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) இருக்கின்றன. மாமனாரின் அறுபதாம் கல்யாண கேசட்டை மாற்றி ஏற்றிய வீடியோவும் அதில்தான். போன மாதம் பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றினோம். புதிதாக வந்த ஃபைபர் பெட்டியின் முகவரியும் 192.168.1.1, எங்கள் சொந்த ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1. இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருந்தது. தெரிந்த பையன் வந்து எங்கள் ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றினான், இன்டர்நெட் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து டிவியில் ஜெல்லிஃபின் வரவில்லை. மொபைலில் வழக்கம்போல 192.168.1.20:8096 என்று அடித்தாலும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார்கள். போடலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், தயவுசெய்து அழிக்காதீர்கள். யார் எந்தப் படத்தை எதுவரை பார்த்தார்கள், எந்த வீடியோவுக்கு என்ன பெயர் கொடுத்தீர்கள், யாருக்கு என்ன பாஸ்வேர்டு என்பதெல்லாம் அந்த சர்வரில்தான் இருக்கிறது, உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சர்வர் கெட்டுப்போகவில்லை. உங்கள் வீட்டுத் தெருவின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள், ஆனால் பழைய பெயர் இன்னும் ஏழெட்டு இடங்களில் எழுதியபடியே கிடக்கிறது. அதை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதுதான் வேலை. ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஜெல்லிஃபினில் "லைப்ரரி ஸ்கேன்" என்ற பட்டனை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று கீழே நாஸ் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

முதலில் சர்வருக்கே ஒரு மானிட்டரும் கீபோர்டும் செருகி, டெர்மினலைத் திறந்து, "ஐபி" என்று அடித்து ஓர் இடம் விட்டு "ஏ" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சர்வர் இப்போது தன் முகவரி என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டும். 192.168.1.20 என்று காட்டினால், யாரோ ஒரு காலத்தில் அந்த எண்ணைக் கையால் எழுதி நிரந்தரமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சர்வர் பழைய தெருவிலேயே நிற்கிறது, டிவியும் மொபைலும் புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டன. 192.168.50 என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது, ரவுட்டரே புது முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் யாருமே முகவரி கொடுக்கவில்லை, அதனால் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படியானால் கேபிளையும் ரவுட்டரின் போர்ட்டையும் பாருங்கள்.

கேபிள் என்றதும் இன்னொன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் இப்போது இரண்டு பெட்டிகள் இருப்பதால். சர்வரின் கேபிள் எதில் செருகியிருக்கிறது? உங்கள் ரவுட்டரிலா, கம்பெனிக்காரர்கள் வைத்த ஃபைபர் பெட்டியிலா? ஃபைபர் பெட்டியில் இருந்தால் சர்வருக்கு அந்தப் பெட்டிதான் முகவரி கொடுக்கும், 192.168.1 என்றே கொடுக்கும், பார்க்கிறவர்களுக்குப் பழைய முகவரிதானே, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். அந்த நிலையில் மொபைலில் எண்ணைச் சரியாக அடித்தால் சில சமயம் திறக்கக்கூடச் செய்யும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ரவுட்டரிலிருந்து வெளியே இருக்கும் பெட்டிக்குப் போக வழி உண்டு. ஆனால் டிவி தானாகத் தேடினால் கிடைக்காது. வீட்டுக்குள் "யாராவது சர்வர் இருக்கிறீர்களா" என்று டிவி எழுப்பும் குரல் ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை. கேபிளை எடுத்து உங்கள் ரவுட்டரில் செருகுங்கள். ஒரே இடத்தில் எல்லாரும் இருப்பதுதான் நல்லது.

முகவரி கையால் எழுதியதாக இருந்தால், உபுண்டு சர்வரில் அது "ஈடிசி" ஃபோல்டருக்குள் "நெட்பிளான்" என்ற ஃபோல்டரில் உள்ள ஃபைலில் இருக்கும். அதில் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள், அதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூன்று எண்கள் உண்டு: சர்வரின் முகவரி, வெளியே போகும் வழியான கேட்வே, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். கேட்வேயை 192.168.1.1 என்றே விட்டுவிட்டால் வீட்டுக்குள் படம் ஓடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், பத்து நாள் கழித்துப் புதுப் படம் ஏற்றும்போதுதான் போஸ்டர் வரவில்லை, சப்டைட்டில் இறங்கவில்லை என்று தெரியும். அந்த ஃபைலில் வரிகளின் முன்னால் உள்ள இடைவெளிகளுக்கும் அர்த்தம் உண்டு, டேப் பட்டனைத் தொடாமல் ஸ்பேஸ் மட்டும் பயன்படுத்துங்கள். திருத்தியதும் "நெட்பிளான் ட்ரை" கட்டளையைக் கொடுங்கள். எல்லாம் சரி என்று நீங்கள் என்டர் தட்டாவிட்டால் 120 விநாடியில் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும், பயப்படாமல் முயன்று பார்க்கலாம். ராஸ்ப்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு: 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து இந்த அமைப்பு நெட்வொர்க் மேனேஜர் என்பதற்கு மாறிவிட்டது, அதற்கு முந்தைய குறிப்புகளைப் பார்த்து வேறு ஃபைலைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் சர்வருக்குள் எண்ணை எழுதவே வேண்டாம். முகவரியை ரவுட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்து "இவருக்கு எப்போதும் 192.168.50.20" என்று ஒதுக்கிவிடுங்கள். நாளைக்கு மறுபடி மாற்ற வேண்டி வந்தால் சர்வரின் எண்ணை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

சரி, சர்வருக்குப் புது முகவரி வந்துவிட்டது. இனி மூன்று கதவுகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். சர்வரிலேயே பிரவுசரைத் திறந்து 127.0.0.1:8096 என்று அடியுங்கள். அது திறக்கவில்லை என்றால் ஜெல்லிஃபின் ஓடவே இல்லை, அதன் லாக் ஃபைலில் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். திறந்தால், அதே சர்வரில் 192.168.50.20:8096 என்று அடியுங்கள். முன்னது திறந்து இது திறக்காவிட்டால், ஜெல்லிஃபினுக்குள்ளேயே பழைய முகவரி இருக்கிறது: டாஷ்போர்டில் நெட்வொர்க்கிங் பக்கத்தில், எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு, அதைக் காலியாக்கிவிட்டு ஜெல்லிஃபினை மறுபடி தொடங்குங்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்களாக இருந்தால் கம்போஸ் ஃபைலில் போர்ட் எழுதிய வரியைப் பாருங்கள், 8096-க்கு முன்னால் பழைய முகவரியையும் சேர்த்து எழுதியிருக்கலாம். இந்த இரண்டும் திறந்து, மொபைலில் மட்டும் திறக்கவில்லை என்றால் ஃபயர்வால். சர்வர் தன்னிடமே பேசிக்கொள்வதை ஃபயர்வால் பொதுவாகத் தடுப்பதில்லை, வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். அதனால்தான் இந்த வரிசையில் தட்டச் சொல்கிறேன், எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்பதிலேயே யார் அடைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் "192.168.1.0/24-லிருந்து (அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளிலிருந்து) வருபவர்களை மட்டும் விடு" என்று விதி எழுதியிருந்தால் அதை 192.168.50.0/24 என்று மாற்றுங்கள். டிவி தானாகத் தேட வேண்டுமானால் யுடிபி 7359 என்ற போர்ட்டையும் திறக்க வேண்டும். சர்வர் விண்டோஸ் என்றால் கதை கொஞ்சம் வேறு: ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு "பப்ளிக்" வகையில் போட்டுவிடும், கதவுகளும் அடைந்துவிடும். நெட்வொர்க் அமைப்பில் "பிரைவேட்" என்று மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடுகிறது.

மொபைல் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கெஸ்டில் இருப்பவர்கள் வீட்டுச் சாதனங்களைப் பார்க்காமல் ரவுட்டர் தடுத்துவைக்கும்.

அப்புறம் நாஸ். ஸ்கேன் பண்ணாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். உங்கள் படங்கள் சர்வரில் இல்லை, நாஸில் இருக்கின்றன. சர்வர் தொடங்கும்போது "எஃப்எஸ்டேப்" என்ற ஃபைலைப் பார்த்து நாஸை ஒரு ஃபோல்டரில் இணைத்துக்கொள்கிறது. அந்த ஃபைலில் நாஸின் பழைய முகவரி இருந்தால் இணைப்பு நடக்காது, ஆனால் ஃபோல்டர் மட்டும் வெறுமனே இருக்கும். வெறும் ஃபோல்டரைப் பார்க்கிற மீடியா சர்வர், "ஓ, படங்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள்" என்று முடிவு செய்து தன் பட்டியலிலிருந்து நீக்கப் போகலாம். ஜெல்லிஃபினில் வெறுமையான ஃபோல்டரைக் கண்டால் விட்டுவிடும் பாதுகாப்பு ஓரளவு உண்டு. ஆனாலும் பல வருடம் உட்கார்ந்து பெயர் கொடுத்த குடும்ப வீடியோக்களை அந்தப் பாதுகாப்பை நம்பி விட எனக்கு மனம் வராது. என் வீட்டிலேயே வேறொரு மென்பொருளில் இப்படி நடந்து, மகள் பிறந்த வருடத்துத் துண்டு வீடியோக்களுக்குக் கொடுத்த பெயர்கள் அத்தனையும் போயின. ஃபைல்கள் இருந்தன, எது எந்த நாள் என்பது போய்விட்டது. மனைவியும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி எழுதினோம், சிலவற்றுக்கு நாளே நினைவு வரவில்லை.

எஃப்எஸ்டேப் ஃபைலில் நாஸின் புது முகவரியை எழுதி, மறுபடி இணைத்து, ஃபோல்டரைத் திறந்து படங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நாஸின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிரும் முறையில் இணைத்திருந்தால் எந்த முகவரிக்காரர்களுக்கு அனுமதி என்று நாஸ் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதிலும் 192.168.1 என்றே இருக்கும். நாஸுக்கும் ரவுட்டரில் நிரந்தர எண் ஒதுக்கிவிடுங்கள். படங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அதற்கும் பிறகுதான், ஸ்கேன்.

இன்னும் ஒரே ஓர் இடம். ஜெல்லிஃபினின் அதே நெட்வொர்க்கிங் பக்கத்தில் "லேன் நெட்வொர்க்குகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே பழைய 192.168.1.0/24 இருந்தால், உங்கள் கூடத்து டிவியை சர்வர் வெளியூர்க்காரராக நினைக்கும். வெளியிலிருந்து இணைவதை நிறுத்தி வைத்திருந்தால் உள்ளேயே விடாது, வெளியாட்களுக்கு வேக வரம்பு வைத்திருந்தால் படம் மங்கலாக வரும். காலியாக்குங்கள், அல்லது புதியதை எழுதுங்கள். டிவி ஆப்பில் பழைய சர்வரை நீக்கிவிட்டுப் புது முகவரியைச் சேருங்கள், தயங்க வேண்டாம், பார்த்த கணக்கு டிவியில் இல்லை, சர்வரில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஜெல்லிஃபின் போன்ற இன்னொரு மீடியா சர்வரான ப்ளெக்ஸ் வைத்திருக்கிறேன். வீட்டு நெட்வொர்க்கை 10.0.0 என்று மாற்றியதிலிருந்து டிவியில் படம் ஓடுகிறது, ஆனால் மிகவும் மங்கல். மொபைலிலோ வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பணம் கட்டச் சொல்கிறது. நான் வீட்டுக்குள்தானே இருக்கிறேன்?
வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் வீட்டுக்குள் இருப்பது ப்ளெக்ஸுக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 29 முதல், சொந்தப் படங்களையே ஆனாலும் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதைக் கட்டணச் சேவையாக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆகவே எது வீடு என்று அதற்குச் சொல்வது இப்போது முன்பைவிட முக்கியம். சர்வர் அமைப்பில் நெட்வொர்க் பக்கத்தில் "லேன் நெட்வொர்க்ஸ்" கட்டத்தில் 10.0.0.0/24 என்று எழுதுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் அனுமதிக்கும் முகவரிகள் என்ற கட்டத்தில் பழைய 192.168 எண் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மங்கலுக்குக் காரணம், டிவியால் சர்வரை நேராக அடைய முடியாமல் ப்ளெக்ஸின் ரிலே (இணையத்தில் உள்ள அவர்களின் இடைநிலை சர்வர்) வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதாக இருக்கலாம். அந்த ரிலேயின் வேகம் 2 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது. லேன் கட்டத்தைத் திருத்திய பிறகும் சுற்றிக்கொண்டே வந்தால் ரவுட்டரில் "டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு" இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளெக்ஸ் தன் சர்வர்களுக்கு "ப்ளெக்ஸ்.டைரக்ட்" என்று முடியும் ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்கு வீட்டு முகவரியைப் பதிலாகத் தருகிறது. வெளியிலிருந்து ஒரு பெயருக்கு வீட்டு முகவரி பதிலாக வருவதை இந்தப் பாதுகாப்பு சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும். அந்த ஒரு பெயருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், பாதுகாப்பை முழுதாக அணைக்காதீர்கள். சர்வர் பக்கமே திறக்க மறுத்தால், அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து 127.0.0.1:32400 என்பதற்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு "வெப்" என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்தால் உள்ளே விடும். குப்பைத் தொட்டியை ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் தானாகக் காலி செய்யும் விருப்பம் ஒன்று லைப்ரரி அமைப்பில் இருக்கிறது, எல்லாம் சரியாகும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கோடி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் 400 படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். நாஸ் முகவரி மாறியதால் எதைத் தொட்டாலும் "ஃபைல் இல்லை, லைப்ரரியிலிருந்து நீக்கவா?" என்று கேட்கிறது. பழைய சோர்ஸை (படங்கள் இருக்கும் இடத்தின் பதிவை) நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: நீக்கவா என்று கேட்கும்போதெல்லாம் "இல்லை" என்றே சொல்லுங்கள், "கிளீன் லைப்ரரி"யையும் தொடாதீர்கள். கோடி ஒவ்வொரு படத்தையும் அதன் முழு விலாசத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. சோர்ஸை நீக்கினால் பார்த்த குறி, பாதியில் விட்ட இடம் எல்லாம் அதோடு போய்விடும். "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் "பாத் சப்ஸ்டிட்யூஷன்" என்ற பகுதி எழுதலாம். பழைய விலாசம் இது, இதைத் தேடினால் புது விலாசத்துக்குப் போ என்று இரண்டு வரி. லைப்ரரி அப்படியே இருக்கும், கோடி மட்டும் புது இடத்தில் தேடும். இதையும் செய்யத் தோன்றவில்லை என்றால் இன்னும் எளிய வழி, ரவுட்டரில் நெட்வொர்க்கைப் பழைய 192.168.1-க்கே திருப்ப முடியுமா என்று யோசியுங்கள். மோதுவதற்கு இன்னொரு பெட்டி இல்லாத வீட்டில் அதில் ஒரு குற்றமும் இல்லை.

கேள்வி: மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? 192.169.1.1 வைக்கலாமா?
வாசகி, மதுரை

பதில்: கூடாது, 192.169 உலகில் வேறு யாருக்கோ சொந்தமான முகவரி. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று 1996-லிருந்து ஒதுக்கியிருப்பவை மூன்றுதான்: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இதில் 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், கடையில் வாங்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டோடுதான் வருகின்றன என்பது என் அனுபவம். டாக்கர் வைத்திருந்தால் 172.17-ம் வேண்டாம், அது தன் உள்வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளும். 192.168.73 என்பதுபோல ஏதாவது ஒன்று வைத்து, ரவுட்டரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் வீட்டு சர்வரில் இருக்கும் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகவரி மாற்றிய பிறகு வீட்டில் எல்லாம் சரி, அவளுக்கு மட்டும் வரவில்லை.
வாசகர், சேலம்

பதில்: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வெளியிலிருந்து வருகிறவர்களை அது இன்னும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். புது எண்ணை எழுதினால் சரியாகலாம். சரியாகவில்லை என்றால் அதே ரவுட்டரில் "வான்" முகவரி (இணையத்தின் பக்கம் ரவுட்டருக்கு இருக்கும் முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் கம்பெனிக்காரர்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், உங்கள் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. 192.168 என்று இருந்தால் முதல் கேள்வி வாசகி வீட்டில் இருப்பதுபோல முன்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது, அதிலும் ஃபார்வர்டிங் எழுத வேண்டும்.

ஆனால் போர்ட்டைத் திறந்து விடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உங்கள் சர்வரின் கதவைத் தட்டலாம் என்று ஆகிறது. வீட்டு சர்வரிலும் மகளின் மொபைலிலும் டெயில்ஸ்கேல் (சாதனங்களை இணையம் வழியே தனி நெட்வொர்க்காக இணைக்கும் மென்பொருள்) போடுங்கள், இரண்டுக்கும் தனியாக ஒரு முகவரி கிடைக்கும். வீட்டு நெட்வொர்க்கை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது, கம்பெனியின் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் வேலை செய்யும். சர்வருக்குக் கிடைக்கும் அந்த முகவரியோடு :8096 அல்லது :32400 சேர்த்து, உங்களிடம் இருப்பது எதுவோ அதற்கேற்றபடி, மகளுக்கு அனுப்புங்கள். ஜெல்லிஃபினில் லேன் கட்டத்தை நிரப்பி வைத்திருந்தால் 100.64.0.0/10 என்பதையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் சர்வர் அவளை வெளியாள் என்றே நினைக்கும்.